கப்பலேறியவர்கள் கம்ப்யூட்டரில் கிடைப்பார்களா?

எங்கள் வடலூரில் தைப்பூசம் வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு வெளியூர் ஆட்கள்தான். சென்ற ஆண்டு ஜோதி தரிசனத்துக்கு வந்த ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கம்ப்யூட்டரும் பிரிண்டரும் இருக்கும் வீடு இது என்று டீக்கடையில் யாரோ கைகாட்டி விட்டிருக்கிறார்கள். தென் ஆப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக்காரர். வயது அறுபதுக்கு மேல் இருக்கும். நெற்றி நிறைய விபூதி. ஆனால் தமிழில் அம்மா, சாமி, சோறு என்று ஏழெட்டு வார்த்தைகளுக்கு மேல் தெரியாது. கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் ஒரே ஒரு தாள்.

அவருடைய கொள்ளுத் தாத்தா சென்னையில் கப்பலேறியபோது எழுதப்பட்ட பதிவேட்டின் நகல் அது. ஒரு வரிசை எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம், உயரம் என்று வரிசையாகக் கட்டங்கள். என் கொள்ளுத் தாத்தாவின் உயரம் எனக்குத் தெரியாது. உங்கள் கொள்ளுத் தாத்தாவின் உயரம் உங்களுக்குத் தெரியுமா?

ஊர் என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ‘கேரங்கூலி’ என்று எழுதியிருந்தது. இது ஊர்ப் பெயர் இல்லை, ‘கூலி’ என்ற வேலையைத்தான் எழுதியிருக்கிறார்கள் என்று பல வருடங்கள் நினைத்துக்கொண்டிருந்தாராம். "இந்த ஊர் எங்கே இருக்கிறது? உங்கள் கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்ல முடியுமா?" என்று கேட்டார்.

அந்தத் தாளுக்குப் பின்னால் ஓடிய மூன்று நாட்களில் எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது. பழைய பட்டியல்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது பாதி வேலைதான். மீதிப் பாதி நம் ஊரில், நம் வீட்டுப் பெரியவர்களின் வாயில் இருக்கிறது. கடல் கடந்து போனவர்கள் தங்கள் பாதியைச் செய்துவிட்டார்கள். நாம் இன்னும் தொடங்கவே இல்லை.

பட்டியல் எப்படிப் பிழைத்தது?

தென் ஆப்பிரிக்காவின் நேட்டால் பகுதிக்குக் கரும்புத் தோட்ட வேலைக்காக இந்தியர்களை ஏற்றிச் சென்ற முதல் கப்பலின் பெயர் ‘ட்ரூரோ’. 1860 அக்டோபரில் சென்னையில் புறப்பட்டு, நவம்பர் 16-ல் டர்பனை அடைந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். அப்போது சென்னையில் இன்றைய துறைமுகமே கிடையாது. மசூலா படகுகளில் ஏறி, அலையைத் தாண்டி, நடுக்கடலில் நிற்கும் கப்பலுக்குப் போக வேண்டும். பாய்மரக் கப்பல்கள் போய், பிறகு ‘உம்லாசி’ போன்ற நீராவிக் கப்பல்கள் வந்தன. 1911 வரை மொத்தம் 1,52,184 பேர் நேட்டாலுக்குப் போனார்கள். இவர்களில் பெரும்பகுதியினர் சென்னை வழியாகப் போனவர்கள். தென்னாற்காடு ஜில்லாவிலிருந்தும் நிறையப் பேர் போனார்கள். டர்பனில் இன்றைக்கும் படையாச்சி என்ற குடும்பப் பெயர் சர்வசாதாரணம். கவுண்டர் அங்கே ‘கவெண்டர்’ ஆனது. முதலி ‘மூட்லி’ ஆனது.

ஐந்து வருட ஒப்பந்தம். முதல் வருடம் ஆண்களுக்கு மாதம் பத்து ஷில்லிங் சம்பளம், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடும். யார் எந்தத் தோட்டத்தில் இருக்கிறார், யாருடைய ஒப்பந்தம் எப்போது முடிகிறது, யாருக்குத் திரும்பி வரும் கப்பல் கட்டணம் தர வேண்டும் என்ற எல்லாக் கணக்கும் அந்த வரிசை எண்ணை வைத்துத்தான் நடந்தது. அதனால்தான் போய்ச் சேர்ந்த இடத்தில் பட்டியலைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். பாசத்தினால் இல்லை, கணக்குக்காக! ஆனால் அந்தக் கணக்கு நோட்டுதான் இன்றைக்குப் பேரப்பிள்ளைகளுக்குக் கிடைத்திருக்கும் ஒரே சொத்து.

டர்பனில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கப்பல் பட்டியல்களை ஒவ்வொரு வரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்கள். மொரீஷியஸில் மகாத்மா காந்தி நிறுவனம் அங்கே வந்து இறங்கியவர்களின் பதிவேடுகளையும் புகைப்படங்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. அந்த ஆவணங்களுக்கு 2015-ல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ அங்கீகாரமும் கிடைத்தது. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் ஆட்கள் போனார்கள். அவர்களுடைய பதிவுகளும் அங்கே இருக்கின்றன.

கம்ப்யூட்டருக்குத் தமிழ்ப் பெயர் புரியுமா?

"பட்டியல்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே, பெயரை டைப் செய்து என்டர் தட்டினால் வந்துவிடாதா?" என்று கேட்பீர்கள். வராது! சென்னை டிப்போவில் இருந்த குமாஸ்தா, எதிரில் நின்றவர் வாயால் சொன்னதைத் தன் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். ஒரே முனுசாமி ஒரு பக்கத்தில் மூன்சாமி, அடுத்த பக்கத்தில் முனிசாமி, இன்னொரு பக்கத்தில் மூன்சம்மி. கம்ப்யூட்டர் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் இயந்திரம். ஒரு எழுத்து மாறினாலும் கையை விரித்துவிடும்.

இது நமக்கு மட்டும் உள்ள தலைவலி இல்லை. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தவர்களின் பட்டியலை 2001-ல் இண்டர்நெட்டில் வெளியிட்டார்கள். இரண்டு கோடிக்கும் அதிகமான பெயர்கள். அவற்றை டைப் செய்தவர்கள் மார்மன் திருச்சபையைச் சேர்ந்த தொண்டர்கள், ஏறத்தாழ 12,000 பேர். தளம் திறந்தவுடன் கூட்டம் தாங்காமல் பலரால் உள்ளேயே நுழைய முடியவில்லை. நுழைந்தவர்களுக்கும் இதே எழுத்துக் குழப்பம்தான்.

அப்போது ஸ்டீபன் மோர்ஸ் என்பவர், பெயர் எப்படி ஒலிக்கும் என்பதை வைத்தும் தேடுகிற மாதிரி தானே ஒரு பக்கத்தை எழுதி இலவசமாகக் கொடுத்தார். இவர் யார் தெரியுமா? 1978-ல் வந்த இன்டெல் 8086 பிராசஸரை வடிவமைத்ததில் முதன்மையானவர். இன்றைக்குப் பெரும்பாலான வீட்டுக் கம்ப்யூட்டர்களில் இருக்கும் பிராசஸர் அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

ஒலியை வைத்துத் தேட ‘சவுண்டெக்ஸ்’ என்று ஒரு பழைய முறை உண்டு. 1918-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். உயிரெழுத்துகளை விட்டுவிடும். ஏறத்தாழ ஒரே மாதிரி ஒலிக்கும் மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண் கொடுக்கும். இப்படி எந்தப் பெயரையும் நான்கு இடத்தில் சுருக்கிவிடும். ஆங்கிலத்தில் எழுதிய முனுசாமி, மூன்சாமி இரண்டுமே ‘எம்525’ ஆகிவிடும். சபாஷ் என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மாணிக்கமும் அதே ‘எம்525’தான்! சின்னசாமியை ‘சி’ எழுத்தில் தொடங்கினால் ‘சி525’, ‘எஸ்’ எழுத்தில் தொடங்கினால் ‘எஸ்525’. இந்த முறைக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். ஆங்கிலப் பெயர்களுக்காகச் செய்த சட்டை, நமக்குத் தோளில் இறுக்கிப் பிடிக்கிறது.

நான் செய்த தப்பு

இவ்வளவும் தெரிந்த நானே கோட்டை விட்டேன். ‘கேரங்கூலி’யில் கடைசியில் வரும் ‘லி’ உண்மையில் ‘ழி’ என்று கண்டுபிடித்தேன். கருங்குழி! எனக்கு நானே முதுகில் தட்டிக்கொண்டு, மேப்பில் தேடினேன். முதலில் வந்தது மதுராந்தகம் பக்கத்தில் இருக்கும் கருங்குழி. அந்த ஊரில் ஒரு பழைய கோட்டை உண்டு. ஆங்கிலேயர் கால நூல்களில் அதை இதே எழுத்துகளில்தான் எழுதியிருப்பார்கள். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்? வழியை அச்சடித்துக் கொடுத்து, டாக்சியும் பேசி அனுப்பிவைத்தேன்.

மறுநாள் இரவு மனிதர் களைத்துப் போய்த் திரும்பினார். அங்கே யாருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்தத் தாளை மறுபடி வாங்கி, இந்தத் தடவை எல்லாக் கட்டங்களையும் படித்தேன். ஜில்லா என்ற கட்டத்தில் ‘தென்னாற்காடு’ என்று பளிச்சென்று இருக்கிறது! மதுராந்தகம் செங்கல்பட்டு ஜில்லா. தென்னாற்காட்டுக் கருங்குழி எங்கே இருக்கிறது? வள்ளலார் பல ஆண்டுகள் தங்கியிருந்த கருங்குழி, எங்கள் வடலூரிலிருந்து சைக்கிளில் போய்வரும் தூரத்தில் இருக்கிறது. மூன்று இரவு அவர் தூங்கியதே தன் தாத்தாவின் ஊருக்குப் பக்கத்தில்தான்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லோரும் செய்யும் தப்பு இது. முதலில் வருகிற விடையைச் சரியான விடை என்று நம்பிவிடுகிறோம். கம்ப்யூட்டர் பொய் சொல்லவில்லை. நான் கேட்டது கருங்குழி, அது காட்டியதும் கருங்குழி. எந்தக் கருங்குழி என்று கேட்கும் வேலை என்னுடையது.

பட்டியலில் இல்லாத கட்டம்

மூன்றாம் நாள் கருங்குழிக்கு நானே அழைத்துப் போனேன். தகப்பன் பெயரையும் ஜாதியையும் சொல்லி இரண்டு தெரு விசாரித்ததில் ஒரு வீட்டைக் காட்டினார்கள். திண்ணையில் இருந்த பாட்டி என்னைத் தனியாகக் கூப்பிட்டு முதலில் கேட்டது இதுதான்: "தம்பி, நெலத்துல பங்கு கேட்டா வந்திருக்காரு?"

அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று விளக்கிச் சொன்னேன். பாட்டி கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் மாமியார் சொல்வார், வீட்டில் ஒருத்தர் அண்ணனோடு கோபித்துக்கொண்டு கப்பலேறிப் போனவர் திரும்பவே இல்லை என்றார். எனக்கு அது போதவில்லை. இந்த மாதிரிக் கதை இல்லாத வீடு இந்தப் பக்கத்தில் குறைவு. அப்போது டர்பன்காரர், தன் பாட்டி சூடம் ஏற்றும்போது சொல்லும் ஒரு வார்த்தையைச் சொன்னார். "பச்சவாலி". அர்த்தம் அவருக்குத் தெரியாது. பாட்டி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பச்சைவாழியம்மனா? எங்க கொலதெய்வம் ஆச்சே அது!"

மறுபடியும் அதே ‘ழ’தான். நூற்றுக்கு நூறு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். பச்சைவாழியம்மனைக் கும்பிடும் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் ஏராளம். ஆனால் ஊர், தகப்பன் பெயர், கப்பலேறிய பேச்சு, குலதெய்வம் நான்கும் ஒரே திண்ணையில் சேர்ந்தன. எந்தக் கப்பல் பட்டியலிலும் குலதெய்வம் என்று ஒரு கட்டம் கிடையாது.

பாட்டி அடுத்துக் கேட்டதுதான் என்னை உலுக்கியது. "அவரு எப்போ செத்தாரு?" நாள் தெரியாததால் வருடா வருடம் அமாவாசையில் எல்லோரோடும் சேர்த்துத்தான் அவருக்கும் படைத்து வந்தார்களாம். டர்பன்காரர் தன் செல்போனைத் திறந்து, இறப்புச் சான்றிதழின் படத்தைக் காட்டினார். தேதி இருந்தது. அன்று இரவு இண்டர்நெட்டில் பழைய பஞ்சாங்கம் தேடி, அந்தத் தேதிக்கு என்ன மாதம், என்ன திதி என்று குறித்து, பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய்ப் பாட்டியிடம் கொடுத்தேன். கம்ப்யூட்டர் வாங்கிய நாளிலிருந்து அதை வைத்து நான் செய்த உருப்படியான வேலை அது என்றுதான் நினைக்கிறேன்.

நம் பக்கம் ஏன் காலியாக இருக்கிறது?

இப்போது என் கருத்துக்கு வருகிறேன். அங்கிருந்து தேடி வருகிறவர்கள் ஜில்லா வரைக்கும் வந்துவிடுகிறார்கள். ஊரில் வந்து முட்டி நிற்கிறார்கள். காரணம், நம் பக்கத்தில் தேடுவதற்கு எதுவுமே இல்லை. சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. சென்னை மாகாண அரசின் கோப்புகள் அங்கே உள்ளன. டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகம் ‘அபிலேக் படல்’ என்ற இணையதளத்தில் குடியேற்றத் துறையின் பழைய கோப்புகளை ஸ்கேன் செய்து போட்டிருக்கிறது. நல்ல காரியம்தான். ஆனால் ஸ்கேன் என்பது ஒரு படம். படத்துக்குள் இருக்கும் பெயரை, யாராவது உட்கார்ந்து டைப் செய்யாதவரை, தேடிக் கண்டுபிடிக்க முடியாது. கோப்பின் தலைப்பில் என் தாத்தா பெயர் இருக்குமா என்ன?

அரசாங்கம் செய்யட்டும் என்று விட்டுவிடவும் முடியாது. ஏனென்றால் இதில் ஒரு அவசரம் இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலியைப் பாருங்கள். 1956-ல் நிறுவனம் தொடங்கிய காலத்திலிருந்து நிலக்கரிச் சுரங்கத்துக்காகப் பல ஊர்கள் இடம் மாறியிருக்கின்றன. அந்த ஊர்களிலிருந்து யாராவது கப்பலேறியிருந்தால், அவர்களுடைய பேரன் எந்த மேப்பில் தேடுவான்? பழைய ஊர் எங்கே இருந்தது, அந்த ஜனங்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லத் தெரிந்தவர்கள் எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள்.

"கூலிக்குப் போன கதையை எதற்குக் கிளற வேண்டும்?" என்று சிலர் முகம் சுளிப்பார்கள். வெட்கப்பட வேண்டியவர்கள் ஐந்து வருடம் கரும்பு வெட்டியவர்கள் இல்லை. "ஜாதியெல்லாம் அதில் இருக்கிறதே?" என்பார்கள். இருக்கிறதுதான். குமாஸ்தா எழுதிவைத்ததை அடையாளம் சரிபார்க்க மட்டும் பயன்படுத்தினால் போதும், பெருமை பேச அல்ல. நிலத்துக்குப் பங்கு கேட்டு வருவார்கள் என்ற பயத்துக்கு, கருங்குழித் திண்ணையில் கிடைத்த பதிலே போதும். வந்தவர் கேட்டது குலதெய்வத்தின் சரியான பெயரை. பாட்டி கேட்டது திதியை.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெரிய சாஃப்ட்வேர் எதுவும் வேண்டாம். உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இருந்தால் அதையோ, இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸையோ திறந்துகொள்ளுங்கள்.

1. ஒரு ஆளுக்கு ஒரு வரி. பெயர், தகப்பன் பெயர், ஊர், அந்த ஊர் அப்போது இருந்த ஜில்லா, குலதெய்வம், எந்த நாடு, எந்தத் துறைமுகம், கப்பலின் பெயர், ஏறத்தாழ எந்த வருடம், இதைச் சொன்னவர் யார் என்று தனித்தனிக் கட்டங்கள் போடுங்கள். தெரியாத கட்டத்தைக் காலியாக விடுங்கள், ஊகித்து நிரப்பாதீர்கள்.

2. பழைய கடிதத்திலோ பாஸ்போர்ட்டிலோ ஆங்கிலத்தில் பெயர் எழுதியிருந்தால், அதைத் திருத்தாமல் அப்படியே ஒரு கட்டத்தில் டைப் செய்யுங்கள். சரியான தமிழ்ப் பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம்.

3. தமிழை யூனிகோடில் மட்டும் டைப் செய்யுங்கள். முன்பு ஆளுக்கொரு ஃபாண்ட்டில் டைப் செய்த ஃபைல்களைத் திறந்தால் இன்று கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது. தமிழக அரசே 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

4. தேடும்போது முழுப் பெயரையும் டைப் செய்யாதீர்கள். எக்ஸெலில் கண்ட்ரோல் விசையோடு எஃப் அழுத்தி, முதல் எழுத்து, ஒரு நட்சத்திரக் குறி, பிறகு கடைசிப் பகுதி என்று கொடுத்துப் பாருங்கள். நடுவில் குமாஸ்தா எப்படி எழுதியிருந்தாலும் சிக்கிவிடும். கிடைத்த பிறகு தகப்பன் பெயர், ஜில்லா, வயது மூன்றையும் ஒப்பிடாமல் யாருக்கும் போன் செய்யாதீர்கள்.

5. ஃபைலை ஒரு பென் டிரைவிலும் காப்பி எடுத்து, வேறு வீட்டில் கொடுத்து வையுங்கள்.

நேட்டால், ஃபிஜி வரைக்கும் போக வேண்டாம். எங்கள் மாவட்டத்திலும் தஞ்சைப் பக்கத்திலும் "ரஜுலாவில் போனார்" என்று பேசாத தெரு குறைவு. 1926-ல் கட்டிய அந்தக் கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1970-களின் தொடக்கம் வரை ஓடியது. அதன் பிறகு ‘எம்.வி. சிதம்பரம்’, 1985-ல் தீப்பிடிக்கும் வரை. இந்தக் கப்பல்களில் போனவர்களின் பிள்ளைகள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். அவர்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட்டோ, டிக்கெட்டோ, பினாங்கிலிருந்து வந்த கடிதமோ இருந்தால் இந்த வாரமே ஸ்கேன் செய்துவிடுங்கள். ஸ்கேனர் இல்லாவிட்டால் செல்போனில் படம் எடுத்தாலும் போதும். படத்தின் ஃபைலுக்குப் பெயரும் வருடமும் வைக்க மறக்காதீர்கள்.

கம்ப்யூட்டர் வாங்கியவுடன் கேம்ஸ் விளையாடுகிறோம், பாட்டு கேட்கிறோம், பிள்ளைகளுக்குப் பரீட்சை ரிசல்ட் பார்க்கிறோம். எல்லாம் சரிதான். அதோடு வாரத்துக்கு அரை மணி நேரம் வீட்டில் மூத்தவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, "நம்ம வீட்டிலிருந்து யார் கப்பலேறினாங்க?" என்று கேட்டு டைப் செய்யுங்கள். நான் பத்து வரிகளோடு தொடங்கிவிட்டேன். முதல் வரி கருங்குழி.